வராந்தாவில் வந்த சாரிஸார்ட்

அன்புள்ள அண்ணா,

மும்பை செம்பூர் சேடா நகரில் இருக்கிறோம். மழை பிடித்துவிட்டால் எங்கள் பில்டிங் பிள்ளைகளுக்கு லிஃப்ட் பக்கத்து வராந்தாதான் மைதானம். மூன்று வருஷமாக அங்கே, கற்பனைப் பிராணிகளை மோதவிடும் போக்கிமான் கார்டு ஆடுகிறார்கள். ஆறு பிள்ளைகள், ஒன்பதிலிருந்து பதின்மூன்று வயதுக்குள். என் மகளிடம் இருப்பவை பெரும்பாலும் அவள் பெரியப்பா மகன் கொடுத்த பழைய கார்டுகள்.

மே மாதம் ஒரு பையன் துபாயில் மாமா வீட்டுக்குப் போய் இரண்டு பெட்டி நிறையப் புதுக் கார்டுகளோடு வந்தான். அதிலிருந்து அவனை யாராலும் ஜெயிக்க முடியவில்லை. இரண்டு பிள்ளைகள் வருவதையே நிறுத்திவிட்டார்கள். பெரியவர்கள் நாங்கள் தலையிட்டு, எந்தக் கார்டு எல்லோரையும் அடிக்கிறதோ அதைத் தடை செய்வது என்று வைத்தோம். இதுவரை ஒன்பது கார்டுகள். ஒன்பதும் அவனுடையவை. நேற்று அவன் அம்மா, "என் பிள்ளை என்ன தப்பு செய்தான்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. நாங்கள் செய்தது நியாயமா?

கோமதி

அன்புள்ள கோமதி,

அவன் ஒரு தப்பும் செய்யவில்லை. இன்றைக்கே மாடி ஏறிப் போய் அவன் அம்மாவிடம் அதைச் சொல்லிவிடுங்கள். மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

வராந்தாவில் நடப்பது என்ன என்று புரிய, ஒரே பெயருள்ள இரண்டு கார்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1999-இல் ஆங்கிலத்தில் வந்த முதல் செட்டில் (ஒன்றாக வெளியாகும் கார்டுத் தொகுதிதான் செட்) சாரிஸார்ட் என்ற போக்கிமானுக்கு 120 எச்பி, அதாவது உயிர்ப்புள்ளி. ஒரு அடிக்கு எதிரியின் எச்பியில் 100 குறையும், ஆனால் அடிக்க வலு தரும் எனர்ஜி கார்டுகளில் இரண்டை ஒவ்வொரு அடிக்கும் கழிக்க வேண்டும். 2023-இல் வந்த, வலு கூடிய வகையான சாரிஸார்ட் இஎக்ஸுக்கு 330 எச்பி. அடி 180-இல் தொடங்குகிறது, எதிராளி எடுத்த ஒவ்வொரு பிரைஸ் கார்டுக்கும் 30 கூடுகிறது (ஒரு போக்கிமானைச் சாய்த்தால் எடுக்கும் பரிசுக் கார்டுதான் பிரைஸ், தன்னுடையதை எல்லாம் முதலில் எடுத்தவர் ஜெயிப்பார்). புதியது பழையதை ஒரே அடியில் சாய்த்துவிடும். பழையது புதியதைச் சாய்க்க நான்கு அடி வேண்டும், அதற்குள் எட்டு எனர்ஜி போயிருக்கும். இஎக்ஸ் விழுந்தால் எதிராளி ஒன்றுக்குப் பதில் இரண்டு பிரைஸ் எடுக்கலாம் என்று ஒரு ஈடு வைத்திருக்கிறார்கள். ஒரே காலத்துக் கார்டுகள் மோதும்போது அந்த ஈடு போதும். கால் நூற்றாண்டு தள்ளி நிற்கும் இரண்டு கார்டுகளுக்கு நடுவில் அது எதற்கும் பற்றாது. உங்கள் மகள் எவ்வளவு யோசித்து ஆடினாலும் அந்த யோசனை நுழைய அங்கே இடமே இல்லை. பிள்ளைகள் விலகிப்போனது அதனால்தான். தோற்றது அவர்களுக்குப் பெரிய விஷயமாக இருந்திருக்காது.

எண்கள் ஏறுவது கண்ணுக்குத் தெரியும் பாதி. இன்னொரு பாதி கண்ணில் படாது. நான் ஆடுவது மேஜிக் என்ற இன்னொரு கார்டு ஆட்டம். 1993-இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கியது. முதல் செட்டில் 295 கார்டுகள். அவற்றிலிருந்து எந்த இரண்டைச் சேர்த்தாலும் மொத்தம் 43,365 ஜோடிகள்தான் வரும். இன்று 25,000-க்கு மேல் வெவ்வேறு கார்டுகள் உண்டு. 25,000 என்றே வைத்தாலும் 31 கோடி ஜோடிகள். அதன் மேல் 250 கார்டுள்ள ஒரு புது செட் வந்தால், பழையவற்றோடு சேர்ந்து ஒரே நாளில் 62 லட்சத்துக்கும் மேல் புது ஜோடிகள் பிறக்கின்றன. எந்த நிறுவனமும் அத்தனையையும் ஆடிப் பார்த்து வெளியிட முடியாது.

டார்க் டெப்த்ஸ் என்று 2006-இல் ஒரு கார்டு வந்தது. பத்து பனிக்கட்டிக் கவுன்டர்களோடு, அதாவது கார்டின் மேல் வைக்கும் குறிவில்லைகளோடு, மேஜைக்கு வரும். ஒன்றை எடுக்க மூன்று மானா (ஆட்டத்தில் செலவழிக்கும் சக்தி). பத்தும் தீர்ந்தால் 20 புள்ளி வலுவோடு பறக்கும் ஒரு பூதம் எழும். ஆட்டக்காரரின் உயிரே 20 புள்ளிதான். ஆனால் முப்பது மானா சேர்ப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிடும் என்பதால் அந்தக் கார்டு யாரையும் பயமுறுத்தவில்லை. 2009-இல் வாம்பையர் ஹெக்ஸ்மேஜ் வந்தாள். இரண்டே மானா. தன்னைப் பலி கொடுத்து ஒரு கார்டின் மேல் இருக்கும் கவுன்டர்கள் அத்தனையையும் எடுத்துவிடுவாள். மூன்று வருஷம் தூங்கிய பூதம் அன்றைக்கு எழுந்தது. இரண்டு கார்டுகளில் எதைக் குற்றம் சொல்வது? இரண்டும் தனியாக நல்ல கார்டுகள். சேர்ந்ததுதான் பிரச்சினை. செட் மேல் செட் சேரச் சேர இது நடந்தே தீரும்.

போட்டிகள் நடத்துகிறவர்கள் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். மேஜிக்கில் 1995-லேயே புது செட்டுகளுக்கு மட்டும் தனி ஆட்டமுறை பிரித்துவிட்டார்கள். போக்கிமானில் கார்டின் அடியில் இடது மூலையில் ஒரு சின்ன எழுத்து இருக்கும், பழைய எழுத்துகள் போட்டியிலிருந்து கழிந்துகொண்டே வரும். யூகி-ஓ என்ற மூன்றாவது கார்டு ஆட்டத்தில் அப்படிக் கழிப்பதில்லை, தடைப் பட்டியல்தான். இவை போட்டிக்குச் சரி. உங்கள் வராந்தாவுக்கு எழுத்துமுறையைக் கொண்டுவந்தால் முதலில் வெளியேறுவது பெரியப்பா மகன் கொடுத்த கார்டுகள். துபாய்ப் பையன் மட்டும் உள்ளே இருப்பான். மற்ற ஐந்து வீட்டிலும் பணம் செலவாகும். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தடைப் பட்டியலைப் பற்றி எனக்கு வலியோடு தெரியும். மாட்டுங்காவில் ஒரு நண்பர் வீட்டில் ஞாயிறு மதியம் ஆறு பேர் கூடுவோம். எங்களில் ஒருவர் ஒவ்வொரு செட்டும் வாங்குவார். ஒரு கார்டைத் தடுத்தோம், அடுத்த வாரம் இன்னொன்றோடு வந்தார், அதையும் தடுத்தோம். எங்களுக்கு அது விதி. அவருக்கு ஒவ்வொரு ஞாயிறும் ஒரு விசாரணை. கிங்ஸ் சர்க்கிள் ஸ்டேஷனில் இறங்கி மழையில் நனைந்து வந்தவரிடம், பையைத் திறப்பதற்கு முன்பே, "இன்றைக்கு என்ன கொண்டுவந்தாய்?" என்று கேட்டேன். நான்தான் கேட்டேன். அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. ஒரு சிநேகிதத்தை ஒரு பட்டியலுக்காகத் தொலைக்க இருந்தோம். உங்கள் ஒன்பதும் ஒரே பையனுடையவை என்று படித்ததும் எனக்கு அந்த ஈரப் பைதான் ஞாபகம் வந்தது.

அப்புறம் நாங்கள் செய்தது இது. பல்லாங்குழியில் யாரும் தன் வீட்டுச் சோழியைத் தனியாகக் கொண்டுவந்து தன் பக்கத்துக் குழியை நிரப்புவதில்லை. சோழி பலகைக்குச் சொந்தம். அதுபோல ஒரு பொதுப் பெட்டி வைத்தோம். ஆளுக்கு 60 கார்டு, மொத்தம் 360, எதுவும் ஒரு பிரதிக்கு மேல் இல்லை. கார்டு யாருடையது என்பது அதைப் போட்டுவைக்கும் உறைக்குள்ளே ஒரு சின்னச் சீட்டில் இருக்கும், கேட்டால் திரும்பக் கிடைக்கும். ஆடும்போது மட்டும் அது எல்லோருடையது. கலைத்து, ஆளுக்கு 45 கார்டு தேர்ந்தெடுத்து, அதிலிருந்து டெக் (ஒருவர் ஆடும் கார்டுக் கட்டு) கட்டுவோம். புதுக் கார்டு போட ஆசையா? தாராளமாகப் போடலாம், தன்னுடைய ஒன்றை வெளியே எடுத்துவிட்டு. பெட்டி 360-ஐத் தாண்டாது. எத்தனை செட் வந்தாலும் எங்கள் மேஜைக்கு வயது ஏறுவதில்லை. அந்த நண்பர் தன்னிடம் இருந்ததிலேயே நல்ல கார்டுகளைப் பெட்டியில் போட்டார். அவருடைய கார்டாலேயே அவரை நான் ஜெயித்த அன்று என்னைவிட அவர்தான் அதிகம் சிரித்தார்.

போக்கிமானுக்கு இதை அப்படியே செய்ய முடியாது. சாரிஸார்டாக வளரும் குட்டியான சார்மாண்டர் கையில் இல்லாமல் சாரிஸார்ட் வந்து பயனில்லை, உதிரியாகப் பிரித்து எடுத்தால் குடும்பம் சிதறிவிடும். அதனால் பிள்ளைகளோடு உட்கார்ந்து பொதுப் பெட்டியிலிருந்து ஆறு டெக்குகளை முழுசாகக் கட்டிவையுங்கள். அதிகாரபூர்வ விதி 60 கார்டு, ஆறு பிரைஸ். கார்டு குறைவாக இருந்தால் 40 கார்டு, நான்கு பிரைஸ் போதும். இஎக்ஸ் வைத்தால் ஆறிலும் வையுங்கள், இல்லாவிட்டால் ஆறிலும் வேண்டாம். டெக் சமமா என்று பார்க்க ஒரே கேள்வி: "உன் டெக்கை என்னிடம் கொடுத்துவிட்டு என்னுடையதை எடுத்துக்கொள்வாயா?" யாராவது தயங்கினால் அந்த டெக்கை அவிழ்த்து மறுபடி கட்ட வேண்டும். தோற்ற பிள்ளைக்கு அடுத்த ஆட்டத்தில் டெக் எடுக்க முதல் வாய்ப்பு.

அந்த ஒன்பது கார்டுகளின் தடையை நீக்கி, அவற்றை எந்தெந்த டெக்கில் வைக்கலாம் என்று அந்தப் பையனிடமே கேளுங்கள். எல்லோருக்கும் முன்னால் கேளுங்கள். வர மறுத்த இரண்டு பிள்ளைகளையும் அன்றைக்கு உங்கள் மகளை விட்டுக் கூப்பிடச் சொல்லுங்கள். ஆட வரவேண்டும் என்றுகூட வேண்டாம், டெக் கட்ட வந்தால் போதும்.

ஒரு சின்ன விஷயம். பழைய கார்டுகளின் முதுகில் கீறல் இருக்கும், மூலை வெளுத்திருக்கும். பார்த்துப் பழகிய பிள்ளைகள் டெக்கில் அடுத்து வருவது எது என்று சொல்லிவிடுவார்கள். ஆறு டெக்குக்கும் ஒரே நிறத்தில், பின்பக்கம் ஒளி ஊடுருவாத உறைகள் வாங்கிக்கொள்ளுங்கள். யாருடைய கார்டு என்ற சீட்டை உறையின் மேல் ஒட்ட வேண்டாம், அதுவும் கார்டைக் காட்டிக்கொடுத்துவிடும். பெயரை எழுதி உறைக்குள்ளே வையுங்கள். நாங்கள் முதலில் வெளியே எழுதிவிட்டு எல்லாவற்றையும் பிரித்து மாற்ற வேண்டியதாயிற்று.