வெப்பத்தடுப்பு அட்டைக்குக் கீழே நீர்க்காப்பு: மொட்டை மாடி பற்றிய கேள்வி பதில்

மொட்டை மாடித் தளத்தின் மீது வெப்பத்தடுப்பு அட்டையும் அதற்கு மேல் ஸ்கிரீடும் (சிமெண்ட்-மணல் கலவைப் படலம்) போட நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கான்கிரீட் போட்டுப் பத்து நாள் ஆகிறது. மழைக்கு முன் நீர்க்காப்புப் பூச்சை முடித்துவிடலாமா? (மதுரை)

பொறுத்திருங்கள். 28 நாள் ஆன பிறகும் தளத்தைச் சோதித்த பின்பே பாலியூரித்தேன் பூச்சைத் தொட வேண்டும். ஒன்றரை அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி, ஓர் இரவு முழுவதும் விட்டு எடுத்துப் பாருங்கள். அடியில் வியர்த்திருந்தாலோ கான்கிரீட் கருத்திருந்தாலோ உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. அந்த ஈரம் வெயிலில் ஆவியாகிப் பூச்சைக் கொப்புளமாகத் தூக்கிவிடும். சிமெண்ட் கலந்த பாலிமர் பூச்சு ஈரத்தைத் தாங்கும். தண்ணீர் தேங்காமல் தளத்தை நனைத்துவிட்டுத்தான் அதைப் பூசவே வேண்டும்.

எக்ஸ்பிஎஸ் (பாலிஸ்டைரீன் நுரை) வெப்பத்தடுப்பு அட்டை தண்ணீரை உறிஞ்சாது என்கிறார்களே, பிறகு பூச்சு எதற்கு? (திருச்சி)

அட்டை உறிஞ்சாது என்பது உண்மை, ஆனால் அட்டைகளின் இடுக்குகள் தண்ணீரை விடும். ஸ்கிரீடில் மயிரிழை விரிசல் வராத மாடியை நான் பார்த்ததில்லை. அதன் வழியே இறங்கும் நீர் அட்டைக்கு அடியில் பரவி, கைப்பிடிச் சுவரோரம் நுழைந்தது கூடத்தின் நடுவே சொட்டும். ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஆகவே பூச்சு நேரடியாகக் கான்கிரீட்டின் மீதுதான் இருக்க வேண்டும். அட்டை மேலே இருப்பதால் வெயில் படாமல் அந்தப் பூச்சும் நீண்ட நாள் உழைக்கும். கரைப்பான் (தின்னர் போன்றது) கலந்த பூச்சாக இருந்தால் அது முழுமையாக உலரும் வரை அட்டையை வைக்காதீர்கள். கரைப்பான் அட்டையை அரித்துவிடும்.

வாட்டத்தை ஸ்கிரீடில் கொடுத்தால் போதுமா? (சென்னை)

போதாது. ஸ்கிரீடைத் தாண்டி இறங்கும் நீர் பூச்சின் மீது தேங்காமல் ஓட வேண்டுமானால், பூச்சுக்குக் கீழேயே நூற்றுக்கு ஒன்று வாட்டம் வேண்டும். அதாவது பத்தடி நீளத்துக்கு ஏறத்தாழ ஒன்றேகால் அங்குலம். கான்கிரீட் மட்டமாக இருந்தால் முதலில் கலவையால் வாட்டம் பிடித்து, அது இறுகிய பிறகு பூசுங்கள்.

ஒழுகல் பெரும்பாலும் எங்கே தொடங்குகிறது? (கோயம்புத்தூர்)

தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையிலும், மழைநீர்க் குழாயின் வாயிலும்தான். மூலையை 50 மில்லிமீட்டர் கலவைச் சரிவாக மழுக்கி, ஃபைபர் வலை பதித்து, முடிந்த தரைமட்டத்துக்கு மேல் ஓரடியாவது சுவரில் பூச்சை ஏற்றுங்கள். அட்டை, ஸ்கிரீட், ஓடு ஆகிய மூன்றின் கனத்தையும் முன்பே கணக்கிடாத கொத்தனார்கள் குறைவாக ஏற்றிவிட்டு, பிறகு ஓட்டுக்கு அடியில் அதைப் புதைத்துவிடுகிறார்கள்.

பழைய சுர்க்கித் (செங்கல் தூளும் சுண்ணாம்பும் கலந்த) தளத்தின் மேலேயே போடலாமா? (காரைக்குடி)

தட்டினால் பொள்ளல் ஓசை வந்தால் எடுத்துவிடுங்கள். 50 மில்லிமீட்டர் ஸ்கிரீட் மட்டுமே சதுர மீட்டருக்கு நூறு கிலோ வரும் என்பதால், எடுக்காவிட்டால் கட்டமைப்புப் பொறியாளரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

தண்ணீர் தேக்கிப் பார்ப்பது தேவையில்லை என்கிறார் ஒப்பந்தக்காரர். (சேலம்)

அதற்கு இணங்காதீர்கள். குழாய் வாய்களை அடைத்து, மிகத் தாழ்ந்த இடத்தில் இரண்டு அங்குலம் நிற்கும் அளவுக்குத் தண்ணீர் தேக்கி, 48 மணி நேரம் விட்டு, கீழ்க்கூரையை நீங்களே பாருங்கள். வெயிலில் வற்றியதையும் கசிந்ததையும் பிரித்தறிய, அருகிலேயே நேர்ச்சுவருள்ள ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பாத்திரத்தில் குறைந்ததைவிட மாடியில் அதிகம் குறைந்திருந்தால், அட்டையை மேலே ஏற்ற வேண்டாம்.