நைட் ஷிஃப்டுக்கு உடம்பு பழகுமா?

கேள்வி: என் கணவருக்கு 41 வயது. ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஒரு வாரம் நைட் (இரவு 10 முதல் காலை 6 வரை), அடுத்த வாரம் மதியம் 2 முதல் 10 வரை, அதற்கடுத்த வாரம் காலை 6 முதல் 2 வரை. ஞாயிறு மட்டும் லீவு. ஆற்காட்டில் மாடி வீட்டில் குடியிருக்கிறோம். நைட் முடிந்து வந்து படுத்தால் நாலு மணி நேரம்கூடத் தூங்குவதில்லை. நெஞ்செரிச்சல், கேஸ் தொல்லை ஓயவே இல்லை. இரண்டு வருடத்தில் 7 கிலோ ஏறிவிட்டார். எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 6.1 வந்திருக்கிறது. மெடிக்கலில் அல்பிரசோலம் 0.5 என்ற தூக்க மாத்திரையை வாங்கி மூன்று மாதமாகத் தினமும் போடுகிறார். "போகப் போகப் பழகிடும்" என்கிறார். மாமியாரோ "பகலெல்லாம் படுத்தே கிடக்கிறானே" என்று புலம்புகிறார். உண்மையிலேயே பழகுமா? வீட்டில் நான் என்ன செய்யலாம்?
– வாசகி, ஆற்காடு

பதில்: வாரா வாரம் ஷிஃப்ட் மாறும்வரை பழகாது. இதில் அவருடைய மனவுறுதிக்கோ சுறுசுறுப்புக்கோ சம்பந்தமே இல்லை. உங்கள் மாமியாரிடமும் இதை எடுத்துச் சொல்லுங்கள். அவர் மகன் அதிகமாகத் தூங்கவில்லை, தேவையில் பாதிதான் தூங்குகிறார்.

இரு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் மூளைக்கு அடியில் ஓரிடத்தில் குறுக்கிடுகின்றன. அதற்குச் சற்று மேலே சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு திரள் இருக்கிறது. உடம்பின் தலைமைக் கடிகாரம் அதுதான். அதன் ஒவ்வொரு அணுவிலும் சில மரபணுக்கள் புரதத்தை உண்டாக்குகின்றன. அந்தப் புரதம் சேரச் சேரத் தன்னை உண்டாக்கிய மரபணுவையே நிறுத்தி வைக்கிறது. புரதம் சிதைந்து தீர்ந்ததும் மரபணு மறுபடி வேலையைத் தொடங்குகிறது. இந்தச் சுற்று ஒன்று முடிய ஏறக்குறைய ஒரு நாள் ஆகிறது. பழ ஈக்களில் இதைக் கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் எம்.கே. சந்திரசேகரன் குழுவினர் குகை வௌவால்களை வைத்தும், வெளியுலக நேரமே தெரியாத தனி அறையில் மனிதர்களைத் தங்கவைத்தும் இந்தக் கடிகாரத்தை ஆராய்ந்திருக்கிறார்கள். இந்தத் துறையில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை.

மனிதருக்கு இந்தச் சுற்று சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சுமார் 10 நிமிடம் கூடுதல். தினமும் கண்ணில் படும் வெளிச்சம்தான் அதைத் திருத்தி வைக்கிறது. அப்படித் திருத்தினாலும் கடிகாரம் ஒரு நாளில் நகர்வது ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். உங்கள் வீட்டுக்காரர் காலை ஷிஃப்டில் இரவு 9 மணிக்குப் படுக்க வேண்டும், நைட்டில் காலை 7 மணிக்குப் படுக்க வேண்டும். இடையில் 10 மணி நேர வித்தியாசம். ஆறு ராத்திரியில் அவ்வளவு தூரம் நகராது. கொஞ்சம் நகர்ந்தாலும் வீடு திரும்பும்போது முகத்தில் அடிக்கிற காலை வெயில் அதைப் பழையபடி இழுத்துவிடும். அதற்குள் ஷிஃப்டும் மாறிவிடுகிறது.

நாலு மணி நேரத்தில் விழிப்பு வருவதற்கும் காரணம் இருக்கிறது. ராத்திரி முழுக்க விழித்த களைப்பு அவரை உடனே தூங்க வைத்துவிடும். ஆனால் அந்த நேரத்தில் உடல் வெப்பம் ஏறிக்கொண்டிருக்கும், விழிப்புக்குத் தயார்செய்யும் கார்டிசால் ஹார்மோன் உச்சத்தை ஒட்டி இருக்கும், இரவைக் காட்டும் மெலடோனின் ஹார்மோன் சுரப்பு அடங்கிப்போயிருக்கும். களைப்பு பாதி தீர்ந்ததும் உடம்பு 'பகல்' என்று சொல்லி எழுப்பிவிடுகிறது. அதனால் ஒரே மூச்சில் எட்டு மணி நேரம் தூங்க வைக்கப் போராடாதீர்கள். இரண்டாகப் பிரித்துவிடுங்கள். காலை 7 மணியிலிருந்து 12 அல்லது 12.30 வரை ஒரு தூக்கம், மாலை 6.30லிருந்து 8 வரை இன்னொன்று. இரண்டும் சேர்த்து ஏழு மணி நேரத்தை நெருங்கினால் போதும். இரண்டாவது தூக்கத்தைச் சும்மா படுக்கை என்று நினைக்க வேண்டாம். விடியற்காலை 4 மணிக்கு மெஷின் முன்னால் கண் சொருகாமல் காப்பாற்றப்போவது அதுதான். எழுந்து அரை மணியாவது கழித்துத்தான் வண்டி எடுக்க வேண்டும், தூக்கக் கலக்கம் தெளிய அவ்வளவு நேரம் ஆகும்.

இனி அறை. நம் வேலூர், ராணிப்பேட்டை வெயிலில் மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை 11 மணிக்கெல்லாம் காந்தத் தொடங்கிவிடும். உடல் உள்வெப்பம் இறங்கினால்தான் ஆழ்ந்த தூக்கம் வரும், அந்த அறையில் அது நடக்காது. கீழ்த்தளத்தில் ஓர் அறை கிடைத்தால் நைட் வாரத்துக்கு மட்டுமாவது அங்கே படுக்கட்டும். இல்லையென்றால் மாடித் தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்போ வெப்பம் தடுக்கும் வெள்ளைப் பெயின்ட்டோ அடியுங்கள். கட்டிலை விடத் தரையில் பாய் விரித்தால் குளுமை. ஏர் கூலர் வைத்திருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டுக் கூலரைப் போட்டால் ஈரம் அறைக்குள்ளேயே தங்கிப் புழுக்கம்தான் கூடும். கூலருக்கு எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்துவைத்து, அதிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கறுப்புத் துணியை இரண்டு மடிப்பாகத் தொங்கவிடுங்கள். காற்று ஓரமாக வெளியேறும், வெளிச்சம் உள்ளே வராது. உள்ளங்கையை நீட்டினால் ரேகை தெரியாத அளவுக்கு இருட்டு வேண்டும்.

காலிங் பெல்லை அணைத்துவிடுங்கள். சிலிண்டருக்கும் கூரியருக்கும் உங்கள் செல் நம்பரைக் கொடுத்துவிடுங்கள். அவர் போன் வேறு அறையில் இருக்கட்டும். ரேஷன் கடை, பேங்க், பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போவது எதையும் அந்த ஐந்து மணி நேரத்துக்குள் அவர் தலையில் கட்டாதீர்கள். ராத்திரி 2 மணிக்கு உங்களை எழுப்பினால் எப்படியோ, காலை 10 மணிக்கு அவரை எழுப்புவதும் அப்படித்தான் என்று வீட்டில் எல்லோருக்கும் புரியட்டும்.

வேலை இடத்தில் ராத்திரி 3 மணி வரை நல்ல வெளிச்சத்தில் இருப்பது கடிகாரத்தைத் தாமதப்படுத்த உதவும். காலையில் திரும்பும்போது முடிந்தவரை வெயிலைத் தவிர்க்க வேண்டும். சாதாரணக் கூலிங்கிளாஸ் போதும். ஆனால் கண் இழுக்கிறது என்றால் கிளாஸையும் போடக்கூடாது, வண்டியையும் எடுக்கக்கூடாது. தொழிற்சாலை ஓய்வறையிலேயே 20 நிமிடம் தூங்கிவிட்டுக் கிளம்பட்டும். பாலாற்றுப் பாலத்தைத் தாண்ட ஐந்து நிமிடம்தானே என்று நினைப்பது ஆபத்து. இரண்டு மூன்று விநாடி கண் மூடினாலே வண்டி லாரிக்கு அடியில் போய்விடும். நைட் ஷிஃப்டால் வரும் எல்லாக் கேடுகளிலும் எனக்கு அதிகம் பயம் இதுதான்.

நெஞ்செரிச்சலும் எடையும் சர்க்கரையும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. கல்லீரல், கணையம், குடல் ஒவ்வொன்றுக்கும் தனிக் கடிகாரம் உண்டு. அவை பெரும்பாலும் சாப்பாட்டு நேரத்தைப் பார்த்துத் தம்மைத் திருத்திக்கொள்கின்றன. இரவு 10 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் வயிற்றில் அமிலம் அதிகம் சுரக்கும், இரைப்பையோ மெதுவாகத்தான் காலியாகும். அந்த நேரத்தில் பரோட்டாவோ பிரியாணியோ போனால் எதுக்களிக்காமல் என்ன செய்யும்? இன்சுலின் சுரப்பும் ராத்திரியில் மந்தம். பகலில் சாப்பிடும் அதே சோற்றை நடு ராத்திரியில் சாப்பிட்டால் சர்க்கரை கூடுதலாக ஏறும், இறங்கவும் நேரமாகும். அமெரிக்காவில் 2021இல் வெளியான ஓர் ஆய்வில், ஆட்களை ராத்திரி விழிக்கவைத்துப் பகலில் மட்டும் சாப்பாடு கொடுத்தார்கள். அவர்களுக்குச் சர்க்கரை கெடவில்லை. ராத்திரியும் சாப்பிட்டவர்களுக்குக் கெட்டது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் செலவில்லாமல் பின்பற்றக்கூடியது.

ஆகவே மதியம் எழுந்ததும் 1 மணிக்கு முழுச் சாப்பாடு. இரவு 8.30க்குள் இரண்டாவது சாப்பாடு: சப்பாத்தியோ தோசையோ, கூடவே பருப்பு, முட்டை, காய். நம் ஊர் முள்ளுக் கத்திரிக்காய் தாராளமாகச் சேரலாம், எண்ணெயை மட்டும் குறையுங்கள். நள்ளிரவிலிருந்து காலை 6 வரை முடிந்தவரை தண்ணீரும் உப்புப் போட்ட மோரும். பசி தாங்கவில்லையென்றால் ஒரு கைப்பிடிச் சுண்டல், அல்லது ஓர் அவித்த முட்டை, வெள்ளரித் துண்டுகள். டப்பாவில் நீங்களே போட்டுக் கொடுத்துவிடுங்கள். கையில் எதுவும் இல்லாதபோதுதான் கேன்டீன் பஜ்ஜியும், யாரோ கொண்டுவந்த மக்கன் பேடாவும் உள்ளே போகின்றன. காலையில் வந்ததும் இரண்டு இட்லி. வெறும் வயிற்றோடு படுத்தால் பசி எழுப்பிவிடும், வயிறு முட்டத் தின்றால் எரிச்சல் எழுப்பிவிடும். டீ காபி ராத்திரி 1 மணியோடு சரி. உள்ளே போன காஃபீனில் பாதி குறையவே ஐந்து மணி நேரம் ஆகும். 4 மணி டீ, 7 மணித் தூக்கத்தைக் கெடுக்கும்.

அந்த மாத்திரைக்கு வருகிறேன். அல்பிரசோலம் மூளையை மந்தமாக்கித் தூங்க வைக்கும், உடல் கடிகாரத்தைத் திருத்தாது. பாதி குறையவே ஏறக்குறைய 11 மணி நேரம் ஆகும், அதனால் காலை 7 மணிக்குப் போட்டால் அன்று இரவு வேலைக்குப் போகும்போதும் உடம்பில் கணிசமாக இருக்கும். சில வாரங்களிலேயே உடம்பு அதற்கு அடிமையாகிவிடும். இதைச் சீட்டு இல்லாமல் கொடுத்ததே தவறு. அதற்காக நாளைக்கே நிறுத்தச் சொல்லாதீர்கள். மூன்று மாதம் தினமும் போட்டதைச் சட்டென்று நிறுத்தினால் படபடப்பு, நடுக்கம் வரும், சிலருக்கு வலிப்பே வந்துவிடும். டாக்டரைப் பார்த்து, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். அதுவரை மது ஒரு சொட்டும் கூடாது, இரண்டும் சேர்ந்தால் மூச்சு அடங்கிப்போகலாம். மெலடோனின் பற்றிப் பலர் கேட்கிறார்கள். பகல் தூக்கத்தைச் சராசரியாக அரை மணிக்கும் குறைவாகத்தான் அது நீட்டிக்கும். இருட்டறைக்கு ஈடாகாது. அதுவும் டாக்டர் சொன்னால் மட்டும்.

ஷிஃப்ட் வரிசை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடிகாரத்தின் சுற்று 24 மணிக்குச் சற்றுக் கூடுதல் என்பதால், தூக்கத்தைத் தள்ளிப்போடுவது எளிது, முன்கூட்டி இழுப்பது கடினம். உங்கள் வீட்டுக்காரருக்கு இப்போது நைட், மதியம், காலை என்று பின்னோக்கிப் போகிறது. காலை, மதியம், நைட் என்று முன்னோக்கிப் போனால் உடம்பு கொஞ்சமாவது தாங்கும். சூப்பர்வைசரிடமோ சங்கத்திலோ கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஆள் எண்ணிக்கை மாறாது, அட்டவணை மட்டும்தான் மாறும். நைட் வாரம் முடிகிற அன்று காலையில் 11 மணிக்கே எழுப்பிவிடுங்கள், மாலைத் தூக்கமும் வேண்டாம். அன்று ராத்திரி 10 மணிக்குத் தானாகத் தூக்கம் வரும். காலை ஷிஃப்ட் வாரத்தில் இரவு 8 மணிக்கே டிவி, செல்போன், டியூப்லைட் எல்லாம் அணைந்துவிட வேண்டும்.

எச்பிஏ1சி 5.7லிருந்து 6.4 வரை சர்க்கரைக்கு முந்தைய நிலை. 6.1 என்பது திரும்பி வரக்கூடிய இடம்தான். ஏறிய 7 கிலோவில் பாதி இறங்கினாலே நல்ல மாற்றம் தெரியும். மூன்று மாதம் கழித்து மறுபடி எடுங்கள். வெறும் வயிற்று ரத்தப் பரிசோதனையை நைட் முடிந்து வரும் வழியில் கொடுக்கக்கூடாது. 3 மணிக்கு எதையாவது சாப்பிட்டிருப்பார், தூக்கமும் இருக்காது, அளவு தப்பாக வரும். காலை ஷிஃப்ட் வாரம் முடிந்து வரும் ஞாயிறன்றோ, மதிய ஷிஃப்ட் வாரத்தில் இரவு நன்றாகத் தூங்கி எழுந்தோ கொடுக்கட்டும். பிபியும் அன்றே பார்த்துவிடலாம். இவற்றை வாலாஜா அரசு தலைமை மருத்துவமனையிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

அவர் தூங்கும்போது ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் பத்து விநாடிக்கு மேல் மூச்சு நின்று, திணறி மறுபடி இழுக்கிறாரா? அப்படியென்றால் அது தூக்கத்தில் மூச்சுத் தடை. எடை ஏறியவர்களிடம் சகஜம். அந்த நிலையில் தூக்க மாத்திரை மிகவும் ஆபத்து. நெஞ்சு எரிச்சல் தாடைக்கோ இடது கைக்கோ பரவினாலோ, வியர்த்துக் கொட்டினாலோ அது கேஸ் என்று சோடா குடித்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே 108க்குக் கூப்பிடுங்கள். இவை எதுவும் இல்லையென்றாலும் இந்த வாரத்துக்குள் அந்த மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு பக்கத்து டாக்டரிடம் அவரைக் கூட்டிப்போங்கள்.