இன்டர்நேஷனல் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எப்படி இருக்கும்?

புதுச்சேரியில் ஆறு வயது மகளை இன்டர்நேஷனல் பள்ளியில் சேர்த்தால் என்னதான் வேறு மாதிரி சொல்லித் தருவார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில், வாசலில் இருக்கும் பெயர்ப் பலகையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பெயரில் இன்டர்நேஷனல் என்று வைத்துக்கொண்டு சிபிஎஸ்இ பாடம் நடத்தும் பள்ளிகள் நிறைய. சர்வதேசப் பாடத்திட்டம் என்றால் ஐபியா (இன்டர்நேஷனல் பாக்கலோரியேட் என்ற அமைப்பின் பாடத்திட்டம்), கேம்பிரிட்ஜா என்று நேராகக் கேளுங்கள். ஐபி அங்கீகாரம் உண்டா என்பதை அந்த அமைப்பின் இணையதளத்திலேயே பார்த்துவிடலாம்.

ஐபியின் தொடக்கநிலைத் திட்டம் 1997இல் வந்தது. 3 முதல் 12 வயது வரைக்கும். பாடங்கள் தனித்தனியாக இல்லாமல் 6 பொதுக் கருப்பொருள்களைச் சுற்றி நகரும். அப்படி ஒன்றுக்காக என் அக்கா மகன் பெரிய மார்க்கெட்டுக்குப் போனான். மீன் விற்கும் அம்மாவிடம் நெத்திலி எங்கிருந்து வருகிறது, ஒரு கூடை எத்தனை கிலோ, ஐஸ் எவ்வளவு ஆகும் என்று கேட்டு நோட்டில் எழுதி, கூடையையும் வரைந்து வந்தான். கணக்கும் மொழியும் சமூக அறிவியலும் அந்த ஒரு பக்கத்திலேயே இருந்தன. எனக்கு அது ரொம்பப் பிடித்தது.

ஊரிலேயே 1826இல் தொடங்கிய லிசே என்ற பிரெஞ்சுப் பள்ளியும் இருக்கிறது. அங்கே தொடக்கக் கல்வி 5 ஆண்டு, பிரெஞ்சு பாடத்திட்டம்.

அப்புறம், தமிழுக்கு வாரம் எத்தனை பீரியட் என்று கட்டாயம் கேளுங்கள். என் அக்கா மகன் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் தமிழ் படிக்கிறான். தினமும் ராத்திரி ஒரு பக்கம் நான்தான் படிக்க வைக்கிறேன்.