அப்ரைசல் படிவத்தில் என்ன எழுதுவது? வார்டு போனைக் கேளுங்கள்

கேள்வி: மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆறு வருடமாக பார்மசிஸ்ட்டாக வேலை பார்க்கிறேன். பி.ஃபார்ம் படித்தவள். இந்த வருடம் அப்ரைசல் (ஆண்டுப் பணி மதிப்பீடு) படிவத்தில் ‘அடுத்த ஆண்டுக்கான தொழில் மேம்பாட்டு இலக்குகள்’ என்று ஐந்து கட்டங்கள் கொடுத்திருக்கிறார்கள். இன்டென்ட் அனுப்பி, ஸ்டாக் சரிபார்த்து முடிப்பதற்குள் ஷிஃப்ட் முடிந்துவிடுகிறது. இதில் என்ன எழுதுவது? ரெஃப்ரெஷர் கோர்ஸ் சர்டிஃபிகேட் போதாதா?

பதில்: சர்டிஃபிகேட் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். 2015-ஆம் ஆண்டு மருந்தியல் நடைமுறை விதிமுறைகளின்படி, பதிவைப் புதுப்பிக்க 5 ஆண்டுகளில் குறைந்தது 2 ஒருநாள் புத்தாக்கப் பயிற்சிகளுக்குப் போயிருக்க வேண்டும். போய் வாருங்கள், சர்டிஃபிகேட்டைப் பத்திரப்படுத்துங்கள். எப்படியும் செய்தாக வேண்டிய வேலை என்பதால் அதை இலக்காக எழுத வேண்டாம். ஐந்து கட்டத்தையும் நிரப்பவும் வேண்டாம். இரண்டு போதும்.

என் முதல் படிவத்தில் “மருந்தியல் அறிவை மேம்படுத்திக்கொள்வேன்” என்று எழுதினேன். மேலதிகாரியும் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். அதே வருடம் ஒரு நைட் ஷிஃப்டில், வலிப்புக்குப் போடும் ஃபெனிடாயின் ஊசி பற்றி வார்டிலிருந்து போன். “சார், ஃபெனிடாயின் கலந்த பாட்டில்ல வெள்ளையா திரிஞ்சு நிக்குது.” பேட்ச் கோளாறு என்று நினைத்து வேறு பேட்ச் ஆம்பூல் அனுப்பினேன். அதுவும் திரிந்தது. காலையில் ஆம்பூலோடு வந்த தாளைப் பிரித்துப் படித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அவர்கள் கலந்தது டெக்ஸ்ட்ரோஸில், அதாவது சர்க்கரைக் கரைசலில். ஃபெனிடாயின் ஊசி மருந்தின் பி.எச். 12-ஐ ஒட்டி இருக்கும், அதாவது கடும் காரம். டெக்ஸ்ட்ரோஸோ அமிலப் பக்கம். சேர்த்தால் மருந்து படிகமாகப் பிரிந்துவிடும், நார்மல் சலைனில்தான் கலக்க வேண்டும். அந்த சிஸ்டர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்ததால் தப்பித்தோம். அடுத்த வருடம் என் படிவத்தில் எழுத விஷயம் கிடைத்தது.

நீங்களும் போனுக்குப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு வையுங்கள். இரண்டு வாரத்துக்கு வரும் ஒவ்வொரு கேள்வியையும் குறியுங்கள்: எந்த வார்டு, என்ன கேட்டார்கள், உடனே பதில் சொல்ல முடிந்ததா. “இதை எவ்வளவு நேரத்துல ஏத்தணும்?”, “இந்த மாத்திரையைப் பொடிச்சு டியூப்ல கொடுக்கலாமா?” என்பவை திரும்பத் திரும்ப வரும். எந்தக் கேள்விக்கு அதிகம் தடுமாறினீர்களோ, அதுதான் உங்கள் இலக்கு.

ஓர் உதாரணம், இன்சுலின். நம் ஊரில் ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள வயலும் (ஊசி மருந்துக் குப்பி) கிடைக்கிறது, 100 யூனிட் உள்ளதும் கிடைக்கிறது. சிவப்பு மூடி சிரிஞ்சு 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 100 யூனிட் வயலிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட்! டிஸ்சார்ஜ் ஆகிப் போனவர் வீட்டில் இப்படி நடந்தால் சர்க்கரை எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனவே இப்படி எழுதலாம்: “ஜூன் மாதத்துக்குள், இன்சுலின் வயலோடு வீட்டுக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் பொருத்தமான சிரிஞ்சை நானே எடுத்துக் கொடுத்து, அவரையே ஒருமுறை இழுத்துக் காட்டச் சொல்வேன். மாத இறுதியில் எத்தனை பேரில் எத்தனை பேருக்குச் செய்தேன் என்று எண்ணுவேன்.” இதற்குத் தேவையான படிப்பு வாரம் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தை ட்யூட்டி நேரத்திலேயே கேட்டு வாங்குங்கள், கூச்சப்படாதீர்கள்.

ஒன்றை மட்டும் எழுதிவிடாதீர்கள்: “மருந்துத் தவறுகளைப் பூஜ்ஜியமாக்குவேன்.” பூஜ்ஜியம் என்று எழுதிய இடத்தில் தவறு குறையாது, அதைச் சொல்பவர்கள்தான் குறைவார்கள். நோயாளியிடம் போகுமுன் நீங்கள் தடுத்து நிறுத்திய தவறுகளைப் பதிவு செய்வதை இலக்காக வைக்கலாம். முதல் சில மாதங்கள் எண்ணிக்கை ஏறும் என்பதை மேலதிகாரியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த ஏற்றம் உங்கள் தலையில்தான் விடியும்.

இரண்டாவது கட்டத்துக்கு மாதம் ஒரு பக்கவிளைவு அறிக்கை என்று எழுதுங்கள். காஜியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் நடத்தும் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு பார்மசிஸ்ட்டே நேரடியாக அனுப்பலாம். 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணும் இருக்கிறது. வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் வேகமாக ஏறியதில் ஒருவருக்குக் கழுத்தும் முகமும் சிவந்ததா? அதுவே ஓர் அறிக்கை. நோயாளியின் முழுப்பெயர் வேண்டாம், முதலெழுத்துகள் போதும். அந்த மருந்துதான் காரணம் என்று நீங்கள் நிரூபிக்கவும் வேண்டாம், சந்தேகம் இருந்தாலே அனுப்பலாம்.