டர்பனில் ஈஸ்டர் – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரம் பற்றிய உங்கள் குறிப்புகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். போன குறிப்பில், அங்கே சாட்ஸ்வொர்த் பகுதியில் நீங்கள் போகும் மெதடிஸ்ட் சபையை 'எங்கள் தமிழ்ச் சபை' என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் ஆராதனை முழுக்க ஆங்கிலத்தில்தான் நடக்கிறது, ஒரே ஒரு பழைய கீர்த்தனையை மட்டும் தமிழில் பாடுகிறார்கள் என்றும் அதிலேயே இருந்தது. பெரிய வெள்ளி அன்று மாரியம்மன் கோயிலுக்குப் போய்வந்த உறவினர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். நாகர்கோவிலில் வளர்ந்த எனக்கு இரண்டுமே புரியவில்லை. மொழியும் போய், கலப்பும் வந்த பிறகு அங்கே மிஞ்சியிருப்பது என்ன? வெறும் சாப்பாடும் பழக்கமும்தானே? கோபத்தில் கேட்கவில்லை, வருத்தத்தில் கேட்கிறேன்.

எஸ்., நாகர்கோவில்

அன்புள்ள எஸ்.,

'வெறும் சாப்பாடு' என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2022-இல் குருத்தோலை ஞாயிறு ஏப்ரல் 10 அன்று வந்தது. மறுநாள் இரவு டர்பனில் கொட்டிய மழை செவ்வாய்க்கிழமையும் விடவில்லை. அந்த வெள்ளத்திலும் மண்சரிவிலும் குவாசூலு நட்டால் மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். டொங்காட் பகுதியில் குடிநீர் நிலையம் சேதமாகி, மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. டர்பன் குன்றுகளின் மேல் கட்டிய ஊர். சாட்ஸ்வொர்த்தில் வீடுகள் சரிவுகளில்தான் நிற்கின்றன. சுவர் இடிந்த தமிழ்க் குடும்பங்கள், ஆற்றோரத் தகரக் குடிசைகளில் எல்லாவற்றையும் இழந்த சூலு குடும்பங்கள் என்று புதன்கிழமைக்குள் எங்கள் சபைக் கூடம் நிறைந்துவிட்டது. பெரிய வெள்ளிக்காக வாங்கி வைத்திருந்த மீன், அரிசி, புளி எல்லாம் அவர்களுக்குச் சமைக்கப் போனது. பாத்திரம் போதவில்லை. பக்கத்துத் தெரு அம்மன் கோயிலில் அன்னதான அண்டாக்கள் உண்டு. நாங்கள் கேட்பதற்கு முன்பே கோயில்காரர்கள் அவற்றை வண்டியில் ஏற்றிவந்து இறக்கிவிட்டார்கள்.

அந்த வருடமும் பெரிய வெள்ளி ஆராதனை நடந்தது. பாதிப் பேர் உள்ளே இருந்தோம், பாதிப் பேர் அடுப்படியில். சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் போதகர் சமையலறைக்கு வந்து, வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த பெண்களோடு நின்று ஜெபித்துவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை விடியற்கால ஆராதனையை வண்டி நிறுத்தும் இடத்தில் வைத்தோம். கூடத்துக்குள் குழந்தைகள் மெத்தைகளில் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

இது ஒரு வாரத்தில் வந்த திறமை இல்லை, தம்பி. அந்தப் பெண்கள் காலங்காலமாகச் சேர்ந்து சமைப்பவர்கள். சபையில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும், அடக்கம் முடியும்வரை அந்த வீட்டில் அடுப்பு எரிய விடமாட்டார்கள். முதல் நாள் யார், இரண்டாம் நாள் யார் என்று யாரும் எழுதிவைப்பதில்லை, ஆனால் யாருக்கும் மறப்பதும் இல்லை.

இதற்குப் பின்னால் மெதடிஸ்ட் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்த உங்களுக்கு அது புதிதாக இருக்கலாம். 1742-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஜெபவீட்டுக் கட்டடக் கடனை அடைக்க, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி என்று முடிவானது. பன்னிரண்டு பேருக்கு ஒருவர் வசூலிக்க வேண்டும். வீடு வீடாகப் போனவர்களுக்கு, யார் நோயில் படுத்திருக்கிறார், யார் குடிக்கிறார், எந்த வீட்டில் சண்டை என்பதெல்லாம் தெரியவந்தது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கடன் வசூலுக்கு வந்த ஏற்பாடு, ஆளை நலம் விசாரிக்கும் ஏற்பாடாக மாறியது. அதைத்தான் 'கிளாஸ்' என்கிறோம். எங்கள் சபையில் இன்றும் ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு தலைவர் உண்டு. எங்கள் கிளாஸ் தலைவி, எழுபது தாண்டிய ஒரு ஆன்டி, ஈஸ்டருக்கு முந்தைய லெந்து (தவக்கால) நாட்களில் தன் பட்டியலில் இருக்கிற எல்லா வீட்டுக்கும் போய்விடுவார். சபைக்கு வராமல் நின்றுவிட்டவர்கள் வீட்டுக்கு முதலில் போவார். பெரிய ஒலிபெருக்கி வைத்த புதிய சபைகளுக்கு இளைஞர்கள் பலர் போய்விட்டார்கள். அவர்கள் வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் கதவைத் தட்டுவது அந்த ஆன்டிதான். சபை எது என்று என்னைக் கேட்டால் அவர் கையிலிருக்கும் அந்தப் பட்டியலைத்தான் காட்டுவேன்.

சரி, வெள்ளம் இல்லாத வருடங்களில் எங்கள் ஈஸ்டர் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். இங்கே ஏப்ரல் இலையுதிர்காலம். உங்கள் வெயிலை நினைத்துக்கொண்டு வந்தால் விடியற்காலையில் சால்வை தேடுவீர்கள். வியாழன் மாலையே ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து என்-3 நெடுஞ்சாலையில் கார்கள் டர்பனை நோக்கி வரிசை கட்டும். வேலைக்காக அங்கே போன பிள்ளைகள் வீடு திரும்பும் நாள் அது. பெரிய வெள்ளியும், அடுத்த திங்களும் அரசு விடுமுறை. அந்தத் திங்களுக்கு 'குடும்ப நாள்' என்று பெயர்.

பெரிய வெள்ளி அன்று நண்பகலிலிருந்து மூன்று மணிவரை, சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பேர் பேசுவார்கள். சுற்றியுள்ள சபைகள் சேர்ந்து ஒரே சர்க்யூட் என்பதால் தமிழர், சூலு, ஆண், பெண் எல்லோரும் அந்த ஏழு பேரில் இருப்பார்கள். சிவப்புச் சட்டையும் வெள்ளைக் காலரும் கறுப்புப் பாவாடையும் அணிந்த மன்யானோ பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். மெதடிஸ்ட் பெண்கள் சங்கத்தின் சீருடை அது. ஒரு சூலு அம்மா பேசும்போது பாதியில் பாட்டு எழும்பும், எல்லோரும் எழுந்துவிடுவோம். இன்றைக்கு இது சாதாரணமாகத் தெரிகிறது. 1958-இல் தென்னாப்பிரிக்க மெதடிஸ்ட் சபை, தான் இனத்தால் பிரிக்கப்படாமல் ஒன்றாக இருக்கும் சபை என்று அறிவித்தது. சட்டமோ தெருவையே இனவாரியாகப் பிரித்து வைத்திருந்தது. அந்த அறிவிப்பு எங்கள் பெஞ்சுவரை வந்துசேர ஒரு தலைமுறைக்கு மேல் ஆனது.

அப்புறம் சாப்பாடு. கேப் டவுன் பக்கம் பெரிய வெள்ளிக்கு வினிகர், வெங்காயம், மஞ்சளில் ஊறவைத்த மீனை ஆறவைத்துச் சாப்பிடுவார்கள். டர்பனில் எங்களுக்குப் புளி விட்ட மீன்குழம்புதான், கறிவேப்பிலை மணக்க, கத்தரிக்காய் போட்டு. காலையில் சிலுவைக் குறி போட்ட பன். குழந்தைகளுக்கு ஞாயிறன்று மார்ஷ்மெல்லோ முட்டை.

நீங்கள் கேட்ட 'கலப்பு' இங்கேதான் வருகிறது. டர்பனுக்குத் தெற்கே இசிபிங்கோ மாரியம்மன் கோயிலில் ஈஸ்டர் விடுமுறை நாட்களில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடுகிறார்கள். பீட்டர்மரிட்ஸ்பர்க் கோயிலில் பெரிய வெள்ளி அன்றுதான் தீமிதி. பெரியவர்கள் சொல்லும் காரணம் எளிது: கரும்புத் தோட்டத்திலும் ஆலையிலும் வேலை செய்தவர்களுக்கு, சேர்ந்தாற்போல் சில நாள் கிடைத்த விடுமுறை இதுதான். வெள்ளைக்காரர் காலண்டர் கொடுத்த நாளை அம்மனுக்கும் கொடுத்தார்கள். கணக்கும் ஒத்துப்போனது. மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர், நம் பங்குனிப் பௌர்ணமியும் பல வருடங்களில் அதை ஒட்டியே வரும்.

என் மாமியார் மெதடிஸ்ட். அவருடைய தங்கை, எங்களுக்குச் சின்னம்மா, மாரியம்மன் பக்தை, விரதம் இருப்பவர். பெரிய வெள்ளி அன்று காலையில் அவர் இசிபிங்கோவுக்குப் போகிறார், நாங்கள் சபைக்குப் போகிறோம். சாயங்காலம் எங்கள் வீட்டில் சந்திக்கிறோம். விரதக்காரருக்கு மீன் வாசனை ஆகாது என்பதால் மாமியார் மீன்குழம்பைக் கொல்லையில் தனி அடுப்பில்தான் வைப்பார். சின்னம்மாவுக்குப் பருப்பு, பூசணி, பீன்ஸ், எல்லாம் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி. அவர் திருநீற்றோடு உட்கார்ந்திருக்க, மாமியார் ஜெபம் சொல்லித்தான் சாப்பாடு தொடங்கும். சின்னம்மா தலை குனிந்திருப்பார், ஆமென் சொல்லமாட்டார். யாரும் சொல்லச் சொல்வதும் இல்லை. இதில் எது கலந்துவிட்டது, சொல்லுங்கள்? இரண்டு பேருக்கும் தங்கள் விசுவாசம் என்ன என்பது தெளிவாகத் தெரியும். தெரிந்ததனால்தான் ஒருவர் விரதத்தை இன்னொருவர் இவ்வளவு கவனமாகக் காக்க முடிகிறது. இதை நீர்த்துப்போன கிறிஸ்தவம் என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

மொழி விஷயத்தில் உங்கள் வருத்தம் என் வருத்தமும்தான். பாளையங்கோட்டையிலிருந்து மருமகளாக வந்தவள் நான், தமிழில் ஒரு முழு ஆராதனைக்கு ஏங்காத ஞாயிறு இல்லை. ஆனால் இவர்கள் தமிழைத் தூக்கி எறிந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 1860 நவம்பர் 16-இல் 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களை இங்கே கொண்டுவந்து இறக்கியது. கிறிஸ்தவர்களும் அதில் இருந்தார்கள். 1862-இல் ரால்ஃப் ஸ்டாட் என்ற வெஸ்லியன் மிஷனரி நட்டாலுக்கு வந்தார். இலங்கையில், மட்டக்களப்பில் பல வருடம் இருந்து தமிழ் கற்றவர். தோட்டம் தோட்டமாகப் போய்த் தமிழில் பேசினார். அதாவது இந்தச் சபையின் வேர் தமிழில்தான் இருக்கிறது. 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தியாவிலிருந்து அப்படி வந்தார்கள், பெரும்பகுதி சென்னை வழியாக.

பிறகு நடந்ததைப் பாருங்கள். பள்ளி ஆங்கிலம், வேலை ஆங்கிலம். தமிழ் கற்க, சமூகம் தன் காசில் நடத்திய சாயங்காலப் பள்ளிகள் மட்டும். 1950-இல், எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம் வந்தது. கேட்டோ மேனர், மேகசின் பேரக்ஸ் போன்ற பழைய குடியிருப்புகளிலிருந்து மக்களைப் பெயர்த்து, 1960-களில் சாட்ஸ்வொர்த்தின் எண் போட்ட யூனிட்டுகளில் கொண்டுவந்து வைத்தார்கள். கூட்டுக் குடும்பம் அந்தச் சின்ன வீடுகளில் கொள்ளவில்லை. ஆயா ஒரு யூனிட்டில், பேரப்பிள்ளை இன்னொரு யூனிட்டில். ஆயாவின் மடியில் கேட்க வேண்டிய தமிழ் அங்கேதான் அறுந்தது. இதற்கு அந்தப் பேரப்பிள்ளைகளைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது.

அதற்காக 'போனது போகட்டும்' என்று விடவும் எனக்கு மனமில்லை. ஈஸ்டர் விடியற்காலையில் நாங்கள் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறோம். இந்த வழக்கத்தை ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் ஊரில் இருந்த மொராவியர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் 1732-இல் தொடங்கினார்கள். இளைஞர்கள் சிலர் விடியுமுன் குன்றின் மேலிருந்த கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பாடினார்கள். வெஸ்லியை மாற்றியதும் மொராவியர்கள்தான், அட்லாண்டிக் கடல் புயலில் பயப்படாமல் பாடிக்கொண்டிருந்த அவர்களைக் கப்பலில் பார்த்தவர் அவர். ஆகவே மெதடிஸ்டுகளுக்கு இந்த ஆராதனையில் தனிப் பாசம் உண்டு. இங்கே பழைய கல்லறைகள் சிலவற்றில் எழுத்து தமிழில் இருக்கிறது. ஆராதனை முடிந்ததும் பிள்ளைகள் என் கையைப் பிடித்து இழுப்பார்கள்: "ஆன்டி, எங்கள் தாத்தாவின் அப்பா கல்லில் என்ன எழுதியிருக்கிறது? வாசித்துச் சொல்லுங்கள்." ஆறேழு கல் வாசிப்பதற்குள் எனக்குத் தொண்டை அடைத்துவிடும். ஆனால் அந்தப் பிள்ளைகள் அழவில்லை, எழுத்தைக் கற்றுக்கொடுக்கச் சொல்கிறார்கள். சனிக்கிழமை மதியங்களில் சபைக் கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறேன். ஈஸ்டர் அன்று உயிர்த்தெழுதல் பகுதியை அவர்களில் ஒரு குழந்தை தமிழில் வாசிக்க வேண்டும் என்று போதகரிடம் கேட்டேன், சம்மதித்துவிட்டார்.

நீங்கள் செய்யக்கூடிய உதவி ஒன்று இருக்கிறது. எங்கள் ஆட்கள் ஒரே கீர்த்தனையைப் பாடுவதற்குக் காரணம், அந்த ஒன்றுக்குத்தான் இங்கே யாருக்காவது மெட்டு நினைவிருக்கிறது. மற்றவற்றுக்கு வார்த்தை இருக்கிறது, பாட்டு இல்லை. உங்கள் சபையில் வயதான பாடகர்கள் யாராவது இருந்தால், ஈஸ்டர் கீர்த்தனைகள் இரண்டை வாத்தியம் இல்லாமல், ஒவ்வொரு அடியையும் நிறுத்தி நிறுத்திப் பாடச் சொல்லி, செல்போனில் பதிவு செய்து அனுப்புங்கள். ராகம் தெரிந்தால் அதையும் எழுதுங்கள். வரிகளை ஆங்கில எழுத்தில் பிரித்து எழுதும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். கொஞ்சம் தாழ்ந்த சுருதியில் பாடச் சொல்லுங்கள், எங்கள் குழுவில் பெரும்பாலும் வயதான ஆண்கள்தான்.

அன்புடன்,
அக்கா