குடிலுக்குக் கேழ்வரகு விதைக்கும் நாள்

அன்புள்ள அக்காவுக்கு,

கொடுங்கையூரிலிருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம். பெரியவன் ஒன்றாம் வகுப்பு படிக்கிறான், சின்னவளுக்கு மூன்று வயது. வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் கான்ட்ராக்ட் வேலை. நான் ஆர்.சி. (கத்தோலிக்க சபை), அவர் சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டன்ட் சபை). எங்கள் அம்மா வீட்டில் இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் குடில் வைப்போம், நடுராத்திரிப் பூசைக்குப் போவோம். அவர் வீட்டில் குடில் பழக்கம் இல்லை. வீடு வீடாகப் போய்ப் பாடுகிற கேரல் ரவுண்ட்ஸ்தான் அவர்களுக்குக் கிறிஸ்துமஸ். கல்யாணத்துக்குப் பிறகு இரண்டுமே விட்டுப்போச்சு. துணி, கேக், கடையில் வாங்கின ஸ்டார், பிரியாணி என்று ஒரே நாளில் எல்லாம் முடிந்துவிடுகிறது. போன வருஷம் அதற்கே கைமாற்று வாங்கினோம். 26ஆம் தேதி காலையில் பெரியவன் எழுந்து உட்கார்ந்து, "அவ்ளோதானாம்மா?" என்று கேட்டான். அது இன்னும் மனசில் உறுத்துகிறது. அவன் கூடப் படிக்கிற பையன் வீட்டில் கூரை உயரத்துக்கு மரம் வைக்கிறார்களாம். எங்களுடையது வாடகை வீடு, ஒரு ஹால், ஒரு சமையலறை. வீட்டிலேயே, கையாலேயே செய்யக்கூடிய பழக்கங்கள் ஏதாவது சொல்லுங்கள் அக்கா.

அன்புடன்,
ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் மகன் சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறான். ஒரு மாதமாகக் கடைகளிலும் பள்ளிக்கூடத்திலும் கிறிஸ்துமஸ் என்ற பேச்சையே கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைக்கு, வீட்டில் அது ஒரு பகல், ஒரு ராத்திரியோடு முடிந்துபோனால் வேறென்ன கேட்கத் தோன்றும்? பணம் போதாமல் நீங்கள் குறை வைத்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அவனுக்குப் போதாமல் போனது நாட்கள். அந்த நாட்களைத் திருச்சபையே நமக்குக் கொடுத்திருக்கிறது. 25க்கு முன்னால் நான்கு ஞாயிறு, பின்னால் ஜனவரி 6 வரைக்கும், அதாவது பாலனைப் பார்க்க வந்த மூவிராசாக்களின் திருநாள் வரைக்கும். ஐந்து, ஆறு வாரம். நாம்தான் அதை ஒரு நாளாகச் சுருக்கி, அந்த ஒரு நாளுக்குள் எல்லாச் செலவையும் திணித்துவிட்டோம்.

நான் பிறந்து வளர்ந்தது ராயபுரம். எங்கள் கோவில் ராயப்பர் கோவில். ராயப்பர் என்றால் பேதுரு, அந்தப் பெயரிலிருந்துதான் ஊருக்கே பேர் வந்தது என்பார்கள். அப்பாவுக்கும் துறைமுகத்தில்தான் வேலை. வீட்டில் பிள்ளைகள் ஐந்து பேர். எந்த வருஷம் என்ன துணி எடுத்தார்கள் என்று இப்போது கேட்டால் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. கேழ்வரகுத் தட்டு மட்டும் அப்படியே கண்முன் நிற்கிறது.

டிசம்பர் 12 ராத்திரி அம்மா இரண்டு கைப்பிடிக் கேழ்வரகை ஊறப்போடுவார். மறுநாள் காலை, ஓட்டை விழுந்த பழைய அலுமினியத் தட்டில் மண்ணைப் பரப்பி, ஈரமாக்கி, ஊறின கேழ்வரகை நெருக்கமாகத் தூவி, மேலே மெல்லிசாக மண் போட்டு, ஈரச் சாக்கால் மூடி வைப்பார். இரண்டு, மூன்று நாளில் வெள்ளையாக முளை எட்டிப்பார்க்கும். அப்புறம் சாக்கை எடுத்துவிட்டு ஜன்னலோரம் வைத்தால் பச்சை பிடித்துக்கொள்ளும். தண்ணீர் தெளிப்பது எங்கள் முறை. ஆளுக்கு ஒரு நாள். ஊற்றக் கூடாது, விரலால்தான் தெளிக்க வேண்டும். என் முறை வரும் நாளில் பள்ளிக்கூடம் விட்டதும் ஓடி வருவேன். 24ஆம் தேதிக்குள் அது விரல் நீளத்துக்கு வளர்ந்து நிற்கும். அதுதான் குடிலுக்குப் புல்வெளி. அந்தப் புல்லில் ஆட்டுக்குட்டியை நிற்க வைக்கிறபோது, நாங்களே வளர்த்த புல்லை நாங்களே வளர்த்த ஆடு மேய்வது போலச் சந்தோஷமாக இருக்கும்.

இதையே உங்கள் வீட்டுக்கும் முதலாவதாகச் சொல்வேன். செலவு பத்து ரூபாய்கூட வராது. மூன்று வயதுக்காரிகூடத் தண்ணீர் தெளித்துவிடுவாள்.

குடிலுக்குக் கடையில் பொம்மை செட் வாங்க வேண்டும் என்றில்லை. இத்தாலியில், அசிசி நகரத்துப் புனித பிரான்சிஸ் 1223ல் கிரேச்சோ என்கிற மலையூரில் முதன்முதலாகக் கிறிஸ்து பிறப்புக் காட்சியை அமைத்தபோது, ஒரு தீவனத்தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை, இவ்வளவையும் வைத்துத்தான் செய்தார். பாலன் பிறந்த ஏழ்மையைக் கண்ணாலேயே பார்க்க வேண்டும் என்பதே அவருக்கு ஆசை. வடசென்னையில் வைக்கோலுக்கும் மாட்டுக்கும் என்ன குறை? பால்காரரைக் கேட்டால் ஒரு கை வைக்கோல் சும்மாவே கொடுப்பார். பழைய சிமென்ட் சாக்குப் பேப்பர் இருந்தால் கசக்கி, டீத்தூள் கொதிக்கவைத்த தண்ணீரைத் தெளித்துக் காயவையுங்கள், நல்ல மலை கிடைக்கும். ஆட்டுக்கு நான்கு தீக்குச்சியும் கொஞ்சம் பஞ்சும் போதும். தீக்குச்சியின் மருந்தைக் கிள்ளி எறிந்துவிட்டுக் கொடுங்கள். மாதா, சூசையப்பர், குழந்தை, மூவிராசாக்கள் இவர்களை மட்டும் களிமண்ணில் செய்யச் சொல்லுங்கள். கோணலாகத்தான் வரும். மூக்கு ஒரு பக்கம், காது ஒரு பக்கமாக இருந்தாலும் அதையே வையுங்கள். தயவுசெய்து திருத்தாதீர்கள்.

எங்கள் வீட்டில் இன்னொன்று உண்டு. தொட்டியைக் காலியாக வைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு டப்பாவில் வைக்கோலை வைத்துவிடுவோம். யாருக்காவது ஒரு நல்லது செய்தால் ஒரு வைக்கோல் எடுத்துத் தொட்டியில் போடலாம். 24ஆம் தேதி ராத்திரி பாலன் படுக்கும்போது முதுகு குத்தாமல் மெத்தென்று இருக்க வேண்டும், அதற்காகத்தான் இது. இதில் ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். "நீ இன்னிக்குத் தங்கச்சியை அடிச்சே, வைக்கோலை எடுத்துடு" என்று ஒருநாளும் சொல்லிவிடாதீர்கள். யார் எத்தனை போட்டார்கள் என்று எண்ணவும் வேண்டாம். எண்ண ஆரம்பித்தால் அது மார்க் ஷீட் ஆகிவிடும். நீங்களும் போடுங்கள், அவரும் போடட்டும். வேலை முடிந்து வந்த அப்பா, சட்டையைக்கூடக் கழற்றாமல் ஒரு வைக்கோலை எடுத்துப் போடுவதைப் பிள்ளைகள் பார்க்கட்டும்.

சரி, அவர் வீட்டுப் பழக்கத்துக்கு வருகிறேன். ஆர்.சி. வீட்டுப் பெண், சி.எஸ்.ஐ. வீட்டு மாப்பிள்ளை என்றால் இரண்டு பக்கத்துப் பழக்கமும் நின்றுபோவதை நிறைய வீடுகளில் பார்த்திருக்கிறேன். யார் மனசையும் நோகடிக்க வேண்டாமே என்று இரண்டு பேரும் விட்டுக்கொடுத்து, கடைசியில் பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லாமல் போகிறது. இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு ஞாயிற்றுக்கு நான்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிற வழக்கத்தை இப்போது நம் ஆர்.சி. கோவில்களிலும் பார்க்கிறோம். அது புராட்டஸ்டன்ட் சபையிலிருந்து வந்தது. 1839ல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் யோஹான் ஹின்ரிஹ் விக்கர்ன் என்ற போதகர், ஏழைப் பிள்ளைகளுக்கான ஒரு இல்லத்தை நடத்திவந்தார். "கிறிஸ்துமஸ் எப்போ வரும், எப்போ வரும்" என்று பிள்ளைகள் தினமும் கேட்டார்களாம். அவர் ஒரு பழைய வண்டிச்சக்கரத்தை எடுத்து, ஞாயிறுக்குப் பெரிய மெழுகுவர்த்தி, மற்ற நாளுக்குச் சின்ன மெழுகுவர்த்தி என்று வைத்து, நாளுக்கு ஒன்றாக ஏற்ற ஆரம்பித்தார். உங்கள் மகன் மாதிரிப் பிள்ளைகளுக்காகத்தான் அது பிறந்தது. குடில் பிரான்சிஸ் கொடுத்தது, விளக்குச் சக்கரம் விக்கர்ன் கொடுத்தது. இரண்டும் ஒரே ஹாலில் இருக்கட்டும்.

செய்வது சுலபம். ஒரு எவர்சில்வர் தட்டில் மணல் பரப்பி நான்கு மெழுகுவர்த்தி நடுங்கள். சுற்றிலும் மாவிலையோ குரோட்டன்ஸ் இலையோ வைக்கலாம். கோவிலில் மூன்று ஊதா, மூன்றாம் ஞாயிறுக்கு மட்டும் ரோஸ் நிறம். நீங்கள் வெள்ளை மெழுகுவர்த்தியே வாங்கி, அடியில் கலர் பேப்பர் சுற்றினால் போதும். ஏற்றுவதற்கு முன் மட்டும் பேப்பரை எடுத்துவிடுங்கள். நவம்பர் 30க்கு மிக அருகில் வருகிற ஞாயிறுதான் முதல் ஞாயிறு. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் லைட்டை அணைத்துவிட்டு ஏற்றுங்கள். அவர் ஒரு கேரல் பாடட்டும். ரவுண்ட்ஸில் பாடிப் பழகின குரல், சும்மா கிடக்கக் கூடாது. பைபிளில் ஏசாயா 11ஆம் அதிகாரத்தில் அடிமரத்திலிருந்து துளிர் வருகிற வசனத்தைப் பெரியவன் எழுத்துக்கூட்டி வாசிக்கட்டும். ஐந்து நிமிஷம் போதும். சின்னவள் ஊதி அணைக்கட்டும், அதற்காகவே அடுத்த ஞாயிறு எப்போது என்று கேட்பாள். மெழுகுவர்த்தி எரிகிறபோது பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும், ஜன்னல் துணி கிட்டே இருக்கக் கூடாது.

நட்சத்திரமும் வீட்டிலேயே செய்யலாம். மூங்கில் குச்சியில் இரண்டு நட்சத்திரம் கட்டி, முனைகளைச் சேர்த்து, நடுவில் குறுக்குக் குச்சி கொடுத்துப் புடைக்க வைத்து, மைதாப் பசையால் கண்ணாடிப் பேப்பர் ஒட்ட வேண்டும். நம் பக்கம் டிசம்பரில் மழை நிச்சயம். அதனால் வாசலில் கட்டாமல் வீட்டுக்குள் ஜன்னல் கம்பியில் கட்டுங்கள். ஆணி அடிக்க வேண்டாம், வீட்டு ஓனரிடம் பேச்சும் வாங்க வேண்டாம். உள்ளே போடுகிற பல்ப் சூடாகாத சின்ன எல்.இ.டி.யாக இருக்கட்டும்.

மழை என்றதும் 2023 ஞாபகம் வருகிறது. டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்து, தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். அது வடிந்து, வீட்டைக் கழுவி முடிப்பதற்குள் எனக்கு மனசே விட்டுப்போச்சு. இந்த வருஷம் குடில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் பேத்திக்கு அப்போது ஐந்து வயது. "கேழ்வரகு எங்க பாட்டி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் 17ஆம் தேதிதான் விதைத்தோம். 24ஆம் தேதி அது அரை விரல்கூட வளரவில்லை. பீரோ மேல் தட்டை வைத்து அதிலேயே குடில் கட்டினோம். அவள் ஸ்டூல் போட்டு ஏறி ஏறிப் பார்த்தாள். பழக்கம் ஒன்று வீட்டில் இருந்தால், நாம் சோர்ந்துபோகிற வருஷத்தில் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொள்வார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பலகாரத்தில் கல்கல் மட்டும் கண்டிப்பாகச் செய்யுங்கள். எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர், பெரம்பூரில் எங்கள் பெரியம்மா வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்த ஆங்கிலோ இந்தியப் பாட்டி. ரயில்வே குடும்பம். அரைக் கிலோ மைதா, கொஞ்சம் வெண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு, முக்கால் டம்ளர் பொடித்த சர்க்கரை. கெட்டித் தேங்காய்ப்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுச் சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசைந்து ஒரு மணி நேரம் ஊறவிட வேண்டும். கோலிக்குண்டு அளவு உருண்டையை முள்கரண்டியின் முதுகில் அழுத்திச் சுருட்டினால் சிப்பி மாதிரி வரும். புதுச் சீப்பு இருந்தால் அதுவும் சரி. சுருட்டுவது முழுக்கப் பிள்ளைகள் வேலை. மிதமான சூட்டில் பொன்னிறமாகப் பொரித்து, நன்றாக ஆறவைத்து டப்பாவில் போட்டால் இரண்டு வாரம் இருக்கும். கேக்கைச் சின்னதாக வாங்குங்கள், போதும்.

அதைத் தட்டில் வைத்து அக்கம்பக்கத்துக்குப் பிள்ளைகள் கையால் கொடுத்தனுப்புங்கள். தீபாவளிக்கு முறுக்கு கொடுத்தவர்கள், ரம்ஜானுக்குப் பிரியாணி அனுப்பினவர்கள், ஒரு வீட்டையும் விட வேண்டாம். தட்டைக் காலியாகத் தராமல் ஒரு கை சர்க்கரை போட்டுத் திருப்பித் தருவார்கள். அந்தச் சர்க்கரையைக் கொட்டாமல் பத்திரமாகத் தூக்கி வருகிற பொறுப்பு உங்கள் மகனுக்கு.

இனி அந்த 26ஆம் தேதி. மூவிராசாக்களை 25ஆம் தேதி குடிலில் வைக்காதீர்கள். சமையலறை மேடையில், அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருந்து அவர்கள் புறப்படட்டும். தினமும் பிள்ளைகள் கொஞ்சம் நகர்த்த வேண்டும். ஒருநாள் ஃபிரிட்ஜ் மேல், ஒருநாள் டிவி பக்கத்தில், ஒருநாள் அப்பாவின் சாப்பாட்டுக் கூடைக்குள். ஜனவரி 6 அன்று குடிலுக்கு வந்து சேர்வார்கள். 26 காலையில் உங்கள் மகன் எழுந்தால், அவனுக்குப் பன்னிரண்டு நாள் வேலை காத்திருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை கடல் உள்ளே வந்தது. அதற்குப் பிறகு நாங்கள் அன்றைக்குச் சாயங்காலம் விளக்குச் சக்கரத்தில் மிச்சம் இருக்கிற மெழுகுவர்த்தியை எடுத்து, கடல் பக்கத்து ஜன்னலில் ஒன்று ஏற்றி, ஒரு செபம் சொல்கிறோம். என் பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது ஏன் என்று கேட்டார்கள், சொன்னேன். பயப்படவில்லை. உங்கள் வீட்டிலும் யாரையாவது நினைக்க வேண்டியிருந்தால் அந்த மெழுகுவர்த்தி உதவும்.

எல்லாவற்றையும் ஒரே வருஷத்தில் செய்யப் போகாதீர்கள், களைத்துப்போவீர்கள். இந்த வருஷம் கேழ்வரகுக் குடிலும் விளக்குச் சக்கரமும் மூவிராசாக்களும் போதும். அடுத்த வருஷம் அதே தட்டு, அதே ஜன்னல், அதே பாட்டு. அதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

கூரை உயர மரத்தைப் பற்றிக் கேட்டால், அந்தப் பையனை ஒருநாள் வீட்டுக்குக் கூட்டிவரச் சொல்லுங்கள். கேழ்வரகு விதைத்து மூன்று நாள் கழித்து ஒரு சாயங்காலம் வந்தால் சரியாக இருக்கும். முளை வெளியே தெரிய ஆரம்பித்திருக்கும், தண்ணீர் தெளிக்கிற முறையை அன்றைக்கு அவனுக்கு விட்டுக்கொடுக்கலாம்.

அன்புடன்,
அக்கா