அப்டேட்டுக்குப் பிறகு ட்ரோன் மரத்தில் மோதியது பற்றி

தலவாக்கலையில் தேயிலைத் தோட்ட லயத்துக்குக் (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) கீழே இருக்கிற மைதானத்திலிருந்து பறக்கவிட்டீர்கள். பெர்ம்வேர் (ட்ரோனுக்குள் இருக்கிற மென்பொருள்) அப்டேட் செய்த மறுநாளே சிக்னல் அறுந்து, தானாகத் திரும்பி வரும்போது மேட்டு யூகலிப்டஸில் இடித்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்டேட்டைத் திட்டுவதற்கு முன், ஆப்பில் திரும்பும் உயரம், அதாவது தானாகத் திரும்பும்போது ட்ரோன் ஏறிப் பறக்கும் உயரம், எத்தனை என்று ஒருதரம் பாருங்கள். சில அப்டேட்டுகள் நாம் வைத்த எண்ணை அழித்துவிட்டுக் கம்பெனி எண்ணைப் போட்டுவிடும்.

அந்த உயரம் நீங்கள் கிளம்பிய இடத்திலிருந்துதான் கணக்கு, ட்ரோனுக்கு நேர் கீழே உள்ள தரையிலிருந்து அல்ல. 60 மீட்டர் வைத்தீர்கள், மேடு மைதானத்தைவிட 45 மீட்டர் உயரம் என்றால் மிச்சம் 15 மீட்டர்தான். யூகலிப்டஸ் அதைத் தாண்டி நிற்கும். எதிரே இருப்பதைக் கண்டுபிடிக்கிற தடை உணரி இருக்கிறதே என்பீர்கள். நம் ஊர் மூடுபனியில் அதை நம்பாதீர்கள்.

இறங்குவதும் ஒரு தலைவலி. அப்புத்தளையில் என்னுடையது தேயிலைக் கொழுந்துக்கு மேலே ஆள் உயரத்தில் தொங்கிக்கொண்டு இறங்கவே மாட்டேன் என்றது. கீழ் உணரிக்குச் செடி தரையாகத் தெரியவில்லை. பட்டரி கத்துகிறது, எனக்குக் கை நடுக்கம். கடைசியில் ரிமோட்டில் நானே பாதைப் பக்கம் ஓட்டி இறக்கினேன்.

சரி, இறக்கையை மாற்றிய பிறகு மைதானத்திலேயே 50 மீட்டருக்கு மேல் தள்ளி நிறுத்தி, திரும்பும் பொத்தானை அழுத்திப் பாருங்கள். எவ்வளவு ஏறுகிறது என்று திரையில் தெரியும். சிக்னல் போனால் திரும்புவதா, நிற்பதா, இறங்குவதா என்ற செட்டிங்கையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.